சங்க வண்டியில் மின்னேற்றக் கோளாறு: காரணம் அறிந்து திருத்தும் முறை

நெசவாளருக்குத் தறி எப்படியோ, உழவருக்கு ஏர் எப்படியோ, அப்படியே விளைபொருளையும் நெய்பொருளையும் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் சங்கத்திற்கு அதன் சுமை வண்டி. தறி ஒரு நாள் நின்றால் ஒரு குடும்பத்தின் கூலி நிற்கும். சங்க வண்டி ஒரு நாள் நின்றாலோ பல குடும்பங்களின் காய்கறி வாடும். பாவும் நூலும் வந்து சேராமல் பல தறிகள் காத்திருக்கும். ஆகவே, பொது உடைமையாகிய அவ்வண்டியின் நலத்தைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் டிரைவருக்கு மட்டுமன்றி, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.

பழைய பிக்கப் வண்டிகளில் அடிக்கடி தோன்றி, பணத்தை வீணாக்குவதும், பெரும்பாலும் தவறாகவே வைத்தியம் செய்யப்படுவதும் ஆகிய கோளாறு ஒன்று உண்டு. ‘பாட்டரி இறங்கிவிட்டது’, ‘சார்ஜ் ஏறவில்லை’, ‘செல்ப் எடுக்கவில்லை’ என்று நாம் பலவாறு கூறும் கோளாறே அது. டாட்டா 207, மகேந்திரா பிக்கப் போன்ற பழைய டீசல் வண்டிகளை மனத்திற் கொண்டு இப்பாடம் எழுதப்படுகிறது. எனினும், இதிற் கூறப்படும் முறை பன்னிரண்டு வோல்ட்டுப் பாட்டரி உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்துவதே.

1. நிகழ்ந்தது ஒன்று

கீழப்பழுவூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் பழைய வண்டி, மாலையில் கத்தரி, வெண்டை, மிளகாய் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு, திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு இரவில் சென்று வருவது வழக்கம். திரும்பும் காலில் நெசவாளர் வீடுகளுக்கு வேண்டிய நூற்கட்டுகளையும் சாயப் பொருள்களையும் அது ஏற்றிவரும். ஒரு நாள் இரவு, மார்க்கெட்டில் சரக்கை இறக்கிய பின்னர் வண்டி புறப்பட மறுத்தது. நான்கு பேர் தள்ளிப் புறப்படச் செய்தனர். வழியில் முன்விளக்குகள் மங்கின. சிமெண்டு லாரிகள் ஓயாது ஓடும் அச்சாலையில், மங்கிய விளக்குடன் வருவது எத்தகைய ஆபத்து என்பதை யாவரும் அறிவர்.

மறுநாள் புதிய பாட்டரி வாங்கப்பட்டது. சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடியது. பின்னர் மீண்டும் அதே நோய். பட்டறையில் ஆல்ட்டர்னேட்டரை மாற்றினர். மீண்டும் சில வாரங்கள் சென்றன. மீண்டும் அதே நோய். இரண்டாம் முறையும் பாட்டரி மாற்ற வேண்டுமென்று தெரிந்தபோது, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் சிலர் டிரைவர் மீது பழி சுமத்தினர். “இரவில் விளக்கை எரியவிட்டு உறங்குகிறார், பாட்டு கேட்கிறார், அதனால்தான் பாட்டரி சாகிறது” என்றனர். பாட்டரியின் விலையை அவர் கூலியில் பிடிக்க வேண்டுமென்றும் பேச்சு எழுந்தது. அவரோ, “ஐயா, மார்க்கெட்டில் நிற்கும்போது சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன்” என்று மட்டும் கூறிவிட்டு வாளா இருந்தார்.

உண்மைக் காரணம் யாதென்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், வண்டியில் மின்சாரம் ஓடும் வழியை அறிதல் வேண்டும். வழியை அறியாதவன் வழியில் உள்ள அடைப்பை அறிய இயலாது.

2. மின்சாரம் ஓடும் வழி

கிணற்றுப் பாசனத்தை நினைத்துக்கொள்க. கிணற்றிலிருந்து நீரை இறைக்க ஒரு பம்பு. நீரைத் தேக்கிவைக்க ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து வயலுக்குச் செல்ல வாய்க்கால். மிகுதியாக நீர் பாயாவண்ணம் தடுக்க ஒரு மடை. வண்டியில் ஆல்ட்டர்னேட்டரே பம்பு, பாட்டரியே தொட்டி, கம்பிகளே வாய்க்கால், ரெகுலேட்டரே மடை.

பாட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் அழுத்தம் தரும். ஆகவே, நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட இவ்வகைப் பாட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே கண்டார். அடிப்படை முறை இன்றும் அதுவே.

எஞ்சின் சுழலும்போது பெல்ட்டின் வழியே ஆல்ட்டர்னேட்டரும் சுழல்கிறது. பழங்காலத்து வண்டிகளில் இருந்தது டைனமோ. நம் ஊர்ப் பட்டறைகளில் ஆல்ட்டர்னேட்டரையும் பழக்கத்தால் ‘டைனமோ’ என்றே அழைப்பாருண்டு. ஆயினும் இரண்டும் வேறு. டைனமோ மெதுவாகச் சுழலும்போது மின்சாரம் தராது. ஆல்ட்டர்னேட்டரோ எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் ஓரளவு தரும். 1960-க்குப் பின்னர் உலகெங்கும் கார்களில் டைனமோவின் இடத்தை ஆல்ட்டர்னேட்டர் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது.

ஆல்ட்டர்னேட்டரின் நடுவே சுழல்வது ரோட்டார். இரண்டு சிறிய கார்பன் பிரஷ்களின் வழியே அதற்குச் சிறிது மின்சாரம் செல்ல, அது காந்தமாகிறது. சுழலும் அக்காந்தம், சுற்றிலுமுள்ள ஸ்டேட்டர்க் கம்பிச் சுருள்களில் மாறுமின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. பாட்டரிக்கு வேண்டுவது நேர்மின்சாரம். ஆதலால், ஒரு வழியில் மட்டும் மின்சாரத்தைச் செல்லவிடும் டையோடுகள் அதனை நேர்மின்சாரமாக மாற்றித் தருகின்றன. அழுத்தம் 14 வோல்ட்டைச் சற்றுக் கடந்ததும், ரோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ரெகுலேட்டர் குறைத்து, அளவை நிலைநிறுத்துகிறது.

ஈண்டு முக்கியமாக உணர வேண்டியது ஒன்றுண்டு. மின்சாரம் சென்றால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். செல்லும் வழி சிவப்புக் கம்பி. திரும்பும் வழி எஞ்சினின் இரும்பு, சேஸிஸ், அவற்றை இணைக்கும் தடித்த எர்த் பட்டை, பாட்டரியின் கறுப்புக் கம்பி ஆகியவை. செல்லும் வழியைப் பார்ப்பவர் பலர். திரும்பும் வழியைப் பார்ப்பவர் சிலரே.

3. வரவு செலவுக் கணக்கு

கூட்டுறவாளராகிய நாம் கணக்கறியாது எதையும் செய்வதில்லை. மின்சாரத்திற்கும் கணக்கு உண்டு. முன்விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 55 வாட், ஆக 110. பின்விளக்கு முதலிய சிறு விளக்குகள் சுமார் 25. அளவுகாட்டிப் பலகை சுமார் 10. மழையில் வைப்பர் சுமார் 50. மொத்தம் 195 வாட். இதனை 13 வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியர் ஆகும். மழையில்லா இரவில் ஏறக்குறைய 11 ஆம்பியர்.

பழைய வண்டி ஆல்ட்டர்னேட்டர் 35 முதல் 45 ஆம்பியர் வரை தரவல்லது எனக் கொள்வோம். அஃது எஞ்சின் வேகமாக ஓடும்போது தரும் அளவு. நின்றபடி மெதுவாக ஓடும்போது அதிற் பாதியும் வாராது. எனவே, ஓடும் வண்டியில் செலவு போக மீதி பாட்டரிக்குச் செல்லும். நின்ற வண்டியில் மீதி மிகக் குறைவு.

மற்றொரு கணக்கையும் பார்ப்போம். செல்ப் மோட்டார் 250 ஆம்பியர் இழுக்கிறது எனினும், இழுப்பது ஐந்து வினாடி மட்டுமே. செலவு 0.35 ஆம்பியர்-மணி அளவே. எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கை ஒரு மணி நேரம் எரியவிட்டால் செலவு 11 ஆம்பியர்-மணி. முப்பது முறை செல்ப் அடிப்பதும் ஒரு மணி நேரம் விளக்கெரிப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ‘செல்ப் அடித்தே பாட்டரியைத் தீர்த்துவிட்டான்’ என்னும் கூற்று எத்துணைப் பொருந்தாதது என்பது இதனால் விளங்கும்.

4. வேண்டிய கருவிகள்

கையடக்கமான மல்டிமீட்டர் ஒன்று, திராவகத்தின் செறிவை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று, ஸ்பேனர்கள், கம்பித் தூரிகை, உப்புத்தாள் ஆகியவை போதும். இவற்றின் விலையெல்லாம் சேர்ந்தும் ஒரு பாட்டரி விலையில் சிறு பகுதியே. சங்கத்தின் செலவில் வாங்கி, இருப்புப் பதிவேட்டில் எழுதி, காரியதரிசியின் பொறுப்பில் வைப்பது நலம்.

5. சோதனை முறை

அறுந்த இழையைத் தேடும் நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. ஒரு முனையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிடுகிறார். நாமும் அவ்வாறே வரிசை தவறாது சோதித்தல் வேண்டும்.

முதற் சோதனை: கண்ணும் கையும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க. பெல்ட் வெடித்துள்ளதா, எண்ணெய் படிந்து பளபளக்கிறதா? இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஏறக்குறைய அரை அங்குலத்திற்குள் தாழ வேண்டும். மிகத் தாழ்ந்தால் வழுக்கும். சற்றும் தாழாவிடில் பேரிங் கெடும். பாட்டரி முனைகளில் வெண்மை அல்லது பச்சை நிறப் பூப்பு உண்டா? முனைக் கவ்வியைக் கையால் திருக அசைகிறதா? அசைந்தால் அதுவே காரணமாக இருத்தல் கூடும். பூப்பை வெந்நீராலும் சோடா உப்புக் கரைசலாலும் கழுவலாம். ஆனால் அக்கரைசல் அறைகளுள் புகலாகாது.

இரண்டாம் சோதனை: பாட்டரியின் நிலை. வண்டி சில மணி நேரம் நின்ற பின்னர், மீட்டரைப் பாட்டரி முனைகளில் வைத்துப் பார்க்க. 12.6 வோல்ட் எனில் நிறைவு, 12.4 எனில் முக்கால், 12.2 எனில் பாதி, 12.0 எனில் கால். அதற்குக் கீழ் ஏறக்குறைய வெறுமை. 10.5 வோல்ட் அளவிலேயே நின்று, மின்னேற்றியும் உயராவிடில், ஆறு அறைகளுள் ஒன்று பழுதென்று கொள்ளலாம்.

மூடி திறக்கும் பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டராலும் பார்க்க. நிறைந்த அறையில் செறிவு 1.25 முதல் 1.28 வரை இருக்கும். வெப்ப நாடுகளுக்கென நிரப்பப்படும் திராவகத்தில் சற்றுக் குறைந்திருப்பதும் உண்டு. அறைக்கு அறை 0.05-க்கு மேல் வேறுபாடு காணின், குறைந்த அறை பழுது. பின்னர் ஒருவர் செல்ப் அடிக்க, மற்றொருவர் மீட்டரை நோக்குக. அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பாட்டரி இறங்கியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. இறங்கிய பாட்டரியைக் கொண்டு மேற்சோதனைகளைச் செய்வது பயனற்றது. முதலில் அதனை வெளியில் மெதுவாக முழு மின்னேற்றம் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் சோதனை: சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல் இருக்கும்போது, பாட்டரிப் படமுள்ள சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிடில் பல்பு, பியூஸ், கம்பி, பிரஷ் ஆகியவற்றுள் ஒன்றில் தொடர்பு அறுந்துள்ளது. பல வண்டிகளில் ரோட்டாரை முதன்முதல் காந்தமாக்கும் மின்சாரம் இச்சிறு பல்பின் வழியாகவே செல்கிறது. ஆதலால், பல்பு கருகினாலும் மின்னேற்றம் நிற்கக்கூடும். பத்து ரூபாய்ப் பல்பைப் பாராமல் ஆல்ட்டர்னேட்டரை மாற்றியவர் பலர். எஞ்சின் ஓடும்போதும் விளக்கு முழுமையாக எரிந்தால், பெல்ட் அறுந்தது அல்லது ஆல்ட்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்பது பொருள். மங்கலாக எரிந்தால் டையோடு பழுது அல்லது தொடர்பில் தடை இருக்கலாம். விளக்கு ஒழுங்காக அணைந்துவிடுவதால் மட்டும் மின்னேற்றம் சரியென்று முடிவு செய்யலாகாது.

நான்காம் சோதனை: ஓடும் எஞ்சினில் வோல்ட். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டிப் பாட்டரி முனைகளில் அளக்க. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நலம். முன்விளக்குகளை எரியவிட்டு மீண்டும் அளக்க. 13.5-க்குக் கீழே செல்லாமல் நின்றால் பெரும்பாலும் குறையில்லை. 12.6-லேயே நின்றாலும் இறங்கிக்கொண்டே சென்றாலும் பாட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை. 15 வோல்ட்டை எட்டினால் ரெகுலேட்டர் பழுது. அந்நிலையில் பாட்டரி கொதிக்கும். நீர் விரைவில் வற்றும். அழுகிய முட்டை நாற்றம் வீசும். விளக்குகள் அடிக்கடி கருகும். மின்னேற்றக் குறைவைப் போலவே மிகையும் பாட்டரியைக் கொல்லும்.

ஐந்தாம் சோதனை: வழியில் இழப்பு. இதுவே பலர் செய்யாது விடுவது. பலன் மிகத் தருவதும் இதுவே. எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்ட்டர்னேட்டரின் பெரிய வெளியீட்டுத் திருகிலும், மற்றொன்றைப் பாட்டரியின் நேர்முனையிலும் வைக்க. காட்டும் அளவு, வழியில் வீணாகும் அழுத்தம் ஆகும். 0.3 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. அடுத்து, ஒரு முனையை ஆல்ட்டர்னேட்டரின் உடலிலும் மற்றொன்றைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைக்க. இங்கு 0.2-க்கு மேற்படலாகாது. மேற்பட்டால் எர்த் வழியில் துரு, தளர்ச்சி அல்லது அறுப்பு உண்டு. முனைகளை அருகருகே கொண்டுவந்து, பட்டை பட்டையாக, திருகு திருகாக அளந்தால், எவ்விடத்தில் இழப்பு என்பது தானே வெளிப்படும். வாய்க்காலில் நடந்து சென்று உடைப்பைக் காண்பது போன்றதே இது. அளக்கும்போது பெல்ட்டிலும் விசிறியிலும் துண்டு, வேட்டி, கம்பி படாவண்ணம் காத்துக்கொள்க.

ஆறாம் சோதனை: இரவுக் கசிவு. பகலில் நன்றாக ஏறி, நின்ற வண்டியில் மட்டும் பாட்டரி இறங்கினால், எங்கோ கசிவு உண்டு. சாவியை எடுத்து, கதவுகளை அடைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைக்க. பழைய வண்டியில் 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டலாகாது. அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி இரண்டரை நாளில் பாதியாகும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதைக் கழற்றும்போது அளவு இறங்குகிறதோ அவ்வழியிலேயே கசிவு. எதனாலும் இறங்காவிடில், ஆல்ட்டர்னேட்டரின் பெரிய கம்பியைக் கழற்றிப் பார்க்க; இறங்கினால் டையோடு பழுது. கம்பிகளைக் கழற்றுவதும் பூட்டுவதும் பாட்டரியின் எதிர்முனை கழன்றிருக்கும்போதே செய்யத் தக்கவை. மீட்டர் இவ்வாறு இணைந்திருக்கும்போது செல்ப் அடித்தலும் விளக்கெரித்தலும் ஆகா, மீட்டர் எரிந்துவிடும்.

ஏழாம் சோதனை: ஆல்ட்டர்னேட்டரின் உட்புறம். மேற்கூறிய அனைத்தும் சரியாயிருந்து, ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டுத் திருகிலேயே அழுத்தம் வாராவிடில், அதனைக் கழற்றுவது நியாயம். மீட்டரை மாறுமின் நிலையில் வைத்துப் பாட்டரி முனைகளில் அளக்கையில், எஞ்சின் ஓடும்போது 0.5 வோல்ட்டுக்கு மேற்பட்டால் டையோடு பழுதென ஐயுறலாம். எஞ்சின் நின்றிருக்கும்போதே பெரிய அளவைக் காட்டும் மலிவான மீட்டரை இச்சோதனைக்கு நம்பற்க. தேய்ந்த பிரஷ்கள் மிகச் சாதாரணமான குறை. அவற்றை மட்டும் மாற்றினால் பல ஆல்ட்டர்னேட்டர்கள் இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

டீசல் வண்டிகள் சிலவற்றில், பிரேக் மிதிக்கு உதவும் வாக்குவம் பம்பு ஆல்ட்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. அதன் எண்ணெய்த் தடுப்பு தேய்ந்தால் எண்ணெய் உட்புகுந்து பிரஷ்களைக் கெடுக்கும். அவ்வண்டிகளில் பெல்ட் அறுந்தால் மின்சாரம் மட்டுமன்றி, பிரேக்கின் உதவியும் போய்விடும். மிதி கல்லைப் போல் இறுகும். சிவப்பு விளக்கு திடீரென எரியக் கண்ட டிரைவர் ‘ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எண்ணாமல், வண்டியை ஓரமாக நிறுத்திப் பெல்ட்டைப் பார்த்தல் கட்டாயம்.

6. செய்யத் தகாதன

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றி, ‘எஞ்சின் நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் வருகிறது’ என்று சோதிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. டைனமோ காலத்துப் பழக்கம் இது. ஆல்ட்டர்னேட்டரில் இவ்வாறு செய்தால், அழுத்தம் ஒரு கணத்தில் பன்மடங்கு பாய்ந்து டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். மேலும், பழைய டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிய பின், அதன் எரிபொருள் பம்பு பெரும்பாலும் மின்சாரத்தை நம்பி ஓடுவதன்று. எனவே, எஞ்சின் நிற்காமை எதற்கும் சான்றாகாது.

பாட்டரியின் முனைகளை மாற்றிப் பூட்டினால் டையோடுகள் உடனே அழியும். வண்டியின் உடலில் வெல்டிங் செய்யும்போது, பாட்டரிக் கம்பிகளையும் ஆல்ட்டர்னேட்டர்க் கம்பிகளையும் கழற்றிவிடுதல் வேண்டும்.

மின்னேறும் பாட்டரியிலிருந்து எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி ஆகா. மற்றொரு வண்டியிலிருந்து கேபிள் கொடுக்கும்போது, முதலில் நேர்முனைகளை இணைத்து, கடைசி இணைப்பைப் பாட்டரியில் அன்றி, பாட்டரிக்குத் தொலைவில் எஞ்சினின் இரும்பில் செய்க. திராவகம் கண்ணில் பட்டால் உடனே மிகுந்த நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்க.

பாட்டரிக்குக் குழாய் நீரும் போர்க் கிணற்று நீரும் ஊற்றலாகாது. சுண்ணாம்புக் கல் நிறைந்த அரியலூர்ச் சீமையின் நிலத்தடி நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரே ஊற்றுக. திராவகம் ஊற்றுவது தவறு. வற்றுவது நீர் மட்டுமே.

7. அந்த வண்டியின் நோய்

இனி, முன்னர்க் கூறிய வண்டிக்கு வருவோம். நிர்வாகக் குழுவில் ஒருவர், “கூலியைப் பிடிப்பதற்கு முன் ஒருமுறை அளந்து பார்ப்போம்” என்றார். அவர் நெசவாளர். அருகிருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டருடன் வந்தார். பாட்டரி முழு மின்னேற்றம் செய்யப்பட்டது. சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. ஆல்ட்டர்னேட்டரின் திருகுக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.2 வோல்ட் இருந்தது. ஆகவே ஆல்ட்டர்னேட்டரில் குறையில்லை. ஆனால், விளக்குகளை எரியவிட்டுப் பாட்டரி முனைகளில் அளந்தபோது 12.7 மட்டுமே. இடையில் 1.5 வோல்ட் எங்கே போயிற்று?

நேர்வழியில் அளந்தனர்: 0.1. எர்த் வழியில் அளந்தனர்: 1.4. கணக்கு நேராயிற்று. வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது, எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னிய செம்புப் பட்டை பச்சை பூத்து, இழைகளிற் பெரும்பாலன அறுந்து, சில இழைகளே தொங்கிக்கொண்டிருந்தன. அது பூட்டப்பட்ட இடத்தில் துருவும் சேறும் அடர்ந்திருந்தன.

எல்லாம் விளங்கிற்று. மின்சாரம் திரும்பும் வழி அடைபட்டதால், பாட்டரிக்கு மின்சாரம் முழுமையாக ஏறவில்லை. செல்ப் மோட்டாரும் அதே வழியை நம்பியதால் மந்தமாகச் சுழன்றது. புதிய பாட்டரி கடையிலிருந்து நிறைவாக வந்தமையால் சில வாரங்கள் தாக்குப்பிடித்தது. பின்னர் ஒவ்வோர் இரவும் சிறிது சிறிதாக இறங்கியது. குறைந்த மின்னேற்றத்திலேயே நெடுநாள் கிடந்த பாட்டரியின் தகடுகளில் ஈய உப்புப் படிந்து இறுகிப்போக, அது மீளவில்லை. முதலில் மாற்றப்பட்ட பாட்டரியும் ஆல்ட்டர்னேட்டரும் வீண் செலவு. புதிய பட்டையின் விலையோ ஒரு கூடைக் கத்தரிக்காயின் விலையளவே. இரும்பைப் பளபளவென்று தேய்த்து, பட்டையை இறுகப் பூட்டியதும் பாட்டரி முனைகளில் 14 வோல்ட் வந்தது.

அடுத்த கூட்டத்தில், டிரைவர் மீது சுமத்திய பழி தவறென்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது. பழி கூறியவரே அதனை முன்மொழிந்தார். சங்கத்திற்கு ஏற்பட்ட பண நட்டத்தினும் பெரிய நட்டம், உழைப்பாளி ஒருவரின் நாணயத்தை அளவாமலே ஐயுற்றது என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

8. சங்கம் மேற்கொள்ளத் தக்கவை

(அ) வண்டிக்கெனச் சிறு ஏடு ஒன்று வைத்து, மாதந்தோறும் ஒரு குறித்த நாளில், நின்ற நிலை வோல்ட், ஓடும் நிலை வோல்ட், எர்த் வழி இழப்பு ஆகிய மூன்றையும் எழுதி வருக. எண்கள் மாதா மாதம் சரியத் தொடங்கும்போதே நோய் தெரிந்துவிடும்.

(ஆ) கோடையில் பாட்டரி நீரை வாரம் ஒருமுறை பார்க்க. வெப்பம் மிகுந்தால் பாட்டரியின் ஆயுள் குறையும்.

(இ) மழைக்காலம் தொடங்குமுன் எர்த் பட்டைகளைக் கழற்றித் தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்டுக.

(ஈ) மீட்டரின் எண்களைக் காட்டாமல் ‘பாட்டரி போய்விட்டது’ என்று எவர் கூறினும், புதியது வாங்க அனுமதி வழங்கலாகாது.

(உ) பழைய பாட்டரியில் உள்ள ஈயத்திற்கு மதிப்பு உண்டு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின் நோக்கமும் அதனை முறைப்படி திரும்பப் பெறுவதே. ஆதலால், கடையில் திருப்பிக் கொடுத்து, அதற்குரிய தொகையைக் கழித்த ரசீதைப் பெற்றுக் கணக்கில் சேர்க்க. வீட்டுப்புறத்தில் உடைத்து ஈயம் எடுத்தல் குழந்தைகளின் உடலுக்குப் பெருங்கேடு.

9. படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. சிவப்பு விளக்கு ஒழுங்காக அணைந்தும் பாட்டரி இறங்குவதற்குரிய காரணங்கள் யாவை?

2. ஆல்ட்டர்னேட்டரில் 14.3 வோல்ட், பாட்டரியில் 13.1 வோல்ட், நேர்வழி இழப்பு 1.0 வோல்ட். எர்த் வழி இழப்பு எவ்வளவு? எவ்வழியை முதலில் பார்ப்பீர்?

3. நின்ற வண்டியில் 0.25 ஆம்பியர் கசிகிறது. நான்கு நாள் விடுமுறையில் எத்தனை ஆம்பியர்-மணி வீணாகும்?

4. ஓடும் எஞ்சினில் பாட்டரிக் கம்பியைக் கழற்றலாகாது என்பது ஏன்?

5. நம் சங்க வண்டியின் எர்த் பட்டை எங்கே உள்ளது? அடுத்த கூட்டத்திற்கு முன் சென்று பார்த்து வருக.

ஐந்தாம் வினாவிற்குரிய விடை இத்தாளில் இல்லை. வண்டியின் அடியில் உள்ளது. அங்கத்தினர் இருவர் மூவர் சேர்ந்து, டிரைவரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதனைக் கண்டு வருவார்களாயின் இப்பாடத்தின் பயன் நிறைவேறும்.